மூன்று வேட்பாளர்களும் எங்கள் குப்பை வாளியும்

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் மூன்று பேர் எங்கள் படலைக்கு வாக்குக் கேட்டு வந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறோம். குப்பை, மண், வாவி பற்றி மூவரிடமும் கேட்டேன். கட்சிப் பெயர் இங்கே தேவையில்லை.

முதலாமவர் நல்ல பேச்சாளர். ஆற்று மண் ஏற்ற விடமாட்டாராம், வாகரையில் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமத்தை அகழவும் விடமாட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். வாகரையோ எங்கள் சபை எல்லைக்குள்ளேயே இல்லை. தீர்மானம் நிறைவேற்றிக் கடிதம் அனுப்பலாம், அவ்வளவுதான். குப்பையைப் பற்றி “அதுவும் பார்ப்போம்” என்றார்.

இரண்டாமவர் இளம்பொடியன். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று போனில் படம் காட்டினார். எங்கள் வாளியைத் திறந்து காட்டினேன்: மீன் செதில், தேங்காய்ப்பூச் சக்கை, நேற்றைய சோறு, அதற்கு மேல் ஈரமாக, சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் ஷீட் ஒன்று. “தம்பி, இது எரியுமா?” என்றதற்குச் சிரித்தார். எங்கள் ஊர்க் குப்பையில் பெரும்பகுதி இப்படி ஈரம்தான். அதை எரிக்க வேறு எண்ணெய் வேண்டும்.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற ரீச்சர். உக்குவது ஒரு நாள், பொலித்தீனும் போத்தலும் இன்னொரு நாள் என்றார். “முந்தியும் இப்படித்தானே சொன்னாங்க ரீச்சர்?” என்று மனைவி மடக்கினாள். “ஓம் பிள்ள. நீங்க பிரிச்சுக் குடுத்தாலும் ஒரே டிரக்டர்ல ஒண்டாக் கொட்டினா ஆரு பிரிப்பா? முதல்ல டிரக்டரப் பிரிக்கணும்.” கலந்த குப்பை எங்கே போய் முடியும் என்பதற்கு அவர் பள்ளக்காட்டைச் சொன்னார். அம்பாறைப் பக்கத்தில் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த இடம் அது. எனக்கோ எங்கள் ஊர்த் திருப்பெருந்துறைக் குப்பை மேடு எரிந்த 2017ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வந்தது.

சரி, வாவி? முதலாமவர் கரையில் கண்ணா மரம் (அலையாத்தி) நடுவாராம். இரண்டாமவர் கரையோரம் லைட் போட்டு நடைபாதை. கரையை மண் போட்டு நிரப்புகிறவர்களை என்ன செய்வீர்கள் என்றதும் ரீச்சரின் குரல் இறங்கிவிட்டது. “அதைப் பார்த்துத்தான் செய்யணும்.” அவருக்குப் பின்னால் நோட்டீஸ் கட்டோடு நின்றவர்களில் ஒருவர், போன வருடம் கரையை நிரப்பி மதில் கட்டியவர்.

கட்டட அனுமதி சபையின் கையில் இருக்கிறது. மாசு குறைவு என்று ‘சி’ பட்டியலில் வரும் சிறு தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் சபைதான். இந்த இரண்டையும் மூவரில் ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை.

நான் ரீச்சருக்குத்தான் போட்டேன். மதிலைப் பற்றித் திரும்பக் கேட்பேன் என்று அவரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.