என்எம்எம்எஸ் தேர்வு: எங்கள் வீட்டு அனுபவம்

என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கும்போது என்எம்எம்எஸ் எழுதித் தேர்வானாள். வசதி குறைந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கான தேர்வு இது. இப்போது பத்தாவது. இரண்டு வருடமாக இதன் பின்னால் அலைந்திருக்கிறேன், மற்ற பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். இந்தத் திட்டத்துக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். 2017க்கு முன்பு இதில் பாதிதான். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியதே இந்தப் பணத்தில்தான், கடன் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை.

தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, தலா ஒன்றரை மணி நேரம். படிப்பறிவுத் தாள் பள்ளிப் பாடம்தான், படிக்கிற பிள்ளை சமாளித்துவிடும். மனத்திறன் அப்படியில்லை, எண் தொடர், கண்ணாடி பிம்பம் என்று வரும், யாராவது உட்கார்ந்து பழக்கினால்தான் கைக்கு வரும். இவள் பள்ளிக் கணக்கு டீச்சர் நோட்டில் கடிகாரம் வரைந்து, முள்ளை நாலு இருபதில் வைத்து, கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாராம். அதில் ஏழு நாற்பது தெரிந்திருக்கிறது. இவள் அன்று ராத்திரி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பீரோ கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கடைசியில் பதினொன்று அறுபதிலிருந்து கழித்தால் விடை வந்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அந்த டீச்சர் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து சொல்லிக்கொடுத்தார், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

என் நாத்தனார் மகனுக்கும் அதே வயசு, கணக்கில் இவளைவிடக் கெட்டி. அவன் பள்ளியில் யாரும் வாயே திறக்கவில்லை, விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் அவனுக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரிந்தது. விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போட முடியும், நாமாகப் போட முடியாது. திறமை இருந்தும் அந்தப் பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான், இதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். அந்த இடங்களுக்குப் போட்டி போடவாவது எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் வழி இருக்க வேண்டாமா? இன்னொன்று, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் எழுதலாம். ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கிடைத்த இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதில் இடம் கிடையாது.

அப்புறம், தேர்வானதும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கணக்கில் ஆதார் இணைப்பு சரியில்லை என்று எங்களுக்கு நாலு மாதம் பணம் நின்றுவிட்டது. வங்கிக்கு மூன்று தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போச்சு. தேர்வு முடிவு வந்த வாரமே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

நாத்தனார் மகள் இந்த வருடம் எட்டாவது. போன மாதமே அவள் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்தேன், இவளோடு சேர்த்து ஒன்பது பேருக்கு விண்ணப்பம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள், என் மகள்தான் மனத்திறன் சொல்லிக்கொடுக்கிறாள்.