பூட்டானுக்குப் போக: பாரோ விமானமா, புன்ட்ஷோலிங் வாசலா?

கொல்கத்தா வரை வந்துவிட்டால் வழி இரண்டாகப் பிரிகிறது. விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பூட்டானின் விமான நிலையம் இருக்கும் பாரோ. சியால்தாவில் இரவு காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் ஹாசிமாரா. அங்கிருந்து டாக்ஸியில் எல்லை ஊரான ஜெய்காவ். தெருவைத் தாண்டினால் புன்ட்ஷோலிங், அதாவது பூட்டான்.

விமானத்தின் பெருமையும் தொல்லையும் பாரோவின் இருப்பிடம்தான். 2,200 மீட்டருக்கு மேல், மலைகள் நெருக்கி நிற்கும் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்து, சரிவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் இறக்க வேண்டும். அதனால் பகலில் மட்டுமே போக்குவரத்து. மேகம் மூடினால் காத்திருக்க வேண்டியதுதான். பறப்பவையும் பெரும்பாலும் ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் இரண்டும்தான். டிக்கெட் மலிவாக இருக்காது.

சாலை வேறு கதை. 1958-இல் பாரோ போன நேரு, நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாகக் குதிரையிலும் யாக் மீதும் போக வேண்டியிருந்தது. அப்போது பூட்டானுக்குள் மோட்டார் சாலையே கிடையாது. 1961-இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் 'தந்தக்' பிரிவு வேலையைத் தொடங்கியது. இன்று புன்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். சுமார் 300 மீட்டர் உயரத்தில் வியர்த்துக்கொண்டு கிளம்புகிறோம். வழியில் கெடு என்ற ஊர்ப் பக்கம் வரும்போது பனிமூட்டம், ஸ்வெட்டரைத் தேடுகிறோம். வளைவுகள் ஏராளம், வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. ஆனால் அந்த மாதங்களில் பாரோ வானமும் நம்பகமானதல்ல, ஆகவே அக்டோபர், நவம்பர்தான் இரண்டுக்கும் நல்லது.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், அனுமதிச்சீட்டு போதும். பெரியவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வைத்திருக்க வேண்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். 2022 செப்டம்பரில் வந்த, ஆளுக்கு இரவுக்கு 1,200 ரூபாய் என்ற பூட்டான் அரசின் சுற்றுலாக் கட்டணம் எந்த வழியில் போனாலும் உண்டு.

வயதான பெற்றோரோடு, நான்கே நாள் விடுப்பில் போகிறவருக்கு விமானம்தான் சரி. மற்றவர்கள் சாலையில் ஏறுங்கள் என்பேன். உயரம் உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். தேக்கும் மூங்கிலும் போய் ஊசியிலைக் காடு வருவதைப் பார்க்கலாம். அதே வளைவுகளில் மறுபடி இறங்க எனக்குப் பொறுமை இல்லை. திரும்புவதற்குக் காலை விமானம் போதும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். டெல்லி விமானமென்றால் வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள், கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் அந்தப் பக்கம்தான்.