‘எக்விட்டபிள்’ என்றால் சமமா? – ஒரு அகராதி ஆப்புக்கு மூன்று நட்சத்திரம்

திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதுவது, பேங்கிலிருந்து வரும் கடிதத்துக்கு அர்த்தம் சொல்வது எல்லாம் இதே மேசையில்தான். அதற்காகவே தை மாதம் 399 ரூபாய் கட்டி இந்த ஆங்கிலம் – தமிழ் அகராதி ஆப்பை ஒரு வருஷத்துக்கு வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவைக் காட்டினால் மங்கலான ஜெராக்ஸைக்கூடப் படித்துவிடுகிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். உச்சரிப்பும் சுத்தம். இத்தனை வருஷமாக ‘ஈக்விட்டபிள்’ என்று நீட்டிக்கொண்டிருந்தேன். முதல் எழுத்தைக் குறிலாக்கி அழுத்தி, ‘எக்விட்டபிள்’ என்று சொல்ல வேண்டும் என்பது இதைக் கேட்டுத்தான் தெரிந்தது. ‘ஃபேர்’ என்று தட்டினால் சிவப்பு நிறம், சந்தை, நியாயம் என்று தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. நியாயத்துக்கு எடுத்துக்காட்டு ரேஷன் கடை போர்டில் இருக்கும் ‘நியாய விலை’. விவரம் தெரிந்த யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார் என்று நினைத்தேன். ‘எக்விட்டபிள்’ செய்த அன்றைக்கு அவர் லீவு போல.

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடைமடை விவசாயி. கையில் 2018 பிப்ரவரி 16 அன்று வந்த காவிரித் தீர்ப்பின் சில பக்கங்கள். “ஏம்மா, இந்த ஒரு வார்த்தையே திரும்பத் திரும்ப வருது, என்னான்னு பாரு” என்றார். பார்த்தேன். ‘எக்விட்டபிள்: சமமான’. அவ்வளவுதான், வேறு பொருளே இல்லை.

“சமமாவா குடுத்தாங்க?” என்று சிரித்தார். கால்குலேட்டரை எடுத்தேன். மொத்தம் 740 டி.எம்.சி. நாலு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 185. புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 185! தீர்ப்பில் இருப்பது தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. அவரவர் பாசனப் பரப்பு, குடிநீர்த் தேவை எல்லாம் பார்த்துப் பிரித்தது. 2007-ல் நடுவர் மன்றம் நமக்கு 419 சொல்லியிருந்தது. அதில் 14.75-ஐ எடுத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தார்கள்: டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10, பெங்களூரு குடிநீருக்கு 4.75. அதையும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் செய்தார்கள். “நெலத்தடி நீரா? எங்கூருல போரு போட்டா உப்புத் தண்ணிதான் வரும்” என்றார் பெரியவர். அந்த நியாயம் எங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்பது வேறு வழக்கு. ஆனால் சமம் என்று யாரும் சொல்லவில்லையே.

அப்புறம் அவரே விளக்கினார். மேல்மடைக்கு மூணு நாள், கடைமடைக்கு மூணு நாள் என்று முறை வைத்தால் அது சமம். மேல்மடைக்காரன் மதகைத் திறந்த அன்றைக்கே பாய்ச்ச ஆரம்பித்துவிடுவான். இங்கே இரண்டு நாளைக் காய்ந்த வாய்க்காலே குடித்துவிடும். மூணாம் நாள் வயலுக்குள் கால் நனைகிறபோது முறை முடிந்துவிடும். “எங்களுக்கு அஞ்சு நாள் விட்டா, அதும்மா இந்த வார்த்தை.” இப்படி ஒரு உதாரணத்தை ஆப்பில் போட்டிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன்.

சரி, ஒரு வார்த்தைதானே என்று விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு பெண் வீட்டுக்கடன் தாளோடு வந்தாள். ‘எக்விட்டபிள் மார்ட்கேஜ்’ என்ற இடத்தில் கேமராவைக் காட்டினால் ‘சமமான அடமானம்’ என்று வருகிறது. “அக்கா, அப்ப பாதி வீடுதான் அடமானமா?” என்று கேட்டாள் பாவம். முழு வீடும்தான். பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்துக் கடன் வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் இருக்கிறது. இங்கிலாந்தில் முறையான அடமானப் பத்திரம் எழுதாவிட்டாலும், பத்திரத்தை நம்பிக் கடன் கொடுத்தவன் ஏமாறக் கூடாது என்று சான்சலரின் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த நீதிமன்றத்து நியாயத்துக்குப் பெயர் ‘எக்விட்டி’. ஷேர் மார்க்கெட்டில் சொல்லும் எக்விட்டி, பங்கு. ஆப்பில் அதற்கும் ‘சமத்துவம்’தான். கம்பெனியில் சமத்துவம் வாங்கச் சொல்கிறார்கள்!

‘இனெக்விட்டி’யையும் ‘இனிக்விட்டி’யையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பது இன்னொரு தப்பு. வேர் ஒன்றுதான், ஆனால் முன்னது பங்கீட்டில் ஓரவஞ்சனை, பின்னது அக்கிரமம். மனுவில் மாற்றிப் போட்டால் அதிகாரியைத் திட்டியதாகிவிடும்.

பெரியவரின் மனுவில் ‘நியாயமான பங்கு’ என்று நானே டைப் அடித்தேன். ஆப்காரர்களுக்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. போன வாரம் புதிதாக அப்டேட் விட்டார்கள், போய்ப் பார்த்தேன். எழுத்தின் நிறம் நீலமாகியிருக்கிறது. அடமானம் இன்னும் சமமாகத்தான் இருக்கிறது.