ஆர்கிட் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள்: சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆர்கிட் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய தலைவர்களின் பெயரைச் சூட்டிய பூக்களுக்கு முன்னால் வரிசையில் நின்று படமெடுப்பதில் எனக்கு நாட்டமில்லை. அதற்கு டிக்கெட் வேறு. பூங்காவின் மற்ற பகுதிக்குள் நுழையக் காசில்லை, என் ஓட்டும் அதற்கே.

1859-இல் தொடங்கிய பூங்கா, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஏறியது புல்வெளிக்காக மட்டுமல்ல. 1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கேதான் சோதித்துப் பார்த்தார். காப்பித் தோட்டத் துரைமார்களிடம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டே இருப்பாராம். ‘கிறுக்கு ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். அப்புறம் மலாயா முழுக்க ரப்பர் பரவியது, சீவ ஆள் தேவைப்பட்டது, நம் சனம் கப்பலேறியது. பேராக் தோட்டமொன்றில் மரம் சீவிய என் மாமியார், பூங்காவுக்குள் இருக்கும் ஹோல்ட்டம் மண்டபத்து அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு, “ஓஹோ, இந்த மனுஷனாலதான் நாங்க விடியுமுன்னே எழுந்தோமா?” என்றார்.

2019-இல் திறந்த விதை வங்கியையும் தவறவிடாதீர்கள். உள்ளே நடக்கும் வேலையைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். விதையைக் காயவைத்துக் கடுங்குளிரில் வைத்தால் பல காலம் உயிரோடு இருக்கும். எல்லா விதையும் இதற்குச் சரிப்படாது. பலாக்கொட்டை, மாங்கொட்டை, ரப்பர் விதையெல்லாம் காய்ந்தால் போச்சு. 1876-இல் பிரேசிலிலிருந்து கியூவுக்குப் போன சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை 2,700 சொச்சம்தான். இப்படிப்பட்டவற்றை மரமாகவே வளர்த்துக் காக்க வேண்டும். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் 6 ஹெக்டேர் மழைக்காட்டின் அருமை அப்போதுதான் தெரியும். பூங்காவைவிட மூத்த காடு அது.

செடிகொடிகளைக் காயவைத்துப் பாதுகாக்கும் பூங்காவின் உலர்தாவரத் தொகுப்பில் ஏழரை லட்சத்துக்கு மேல் மாதிரிகள் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கான இடம், சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அல்ல. ஆனால் ஒரு கதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1930-களில் இங்கே வேலை பார்த்த கார்னர் என்ற ஆய்வாளர், தேங்காய் பறிக்கும் குரங்குகளைப் பழக்கி உயரமான மரங்களிலிருந்து மாதிரிக்கான கிளைகளைப் பறிக்கவைத்தார். அந்தக் குரங்குகளுக்கும் ஓர் ஆர்கிட் பெயர் தரலாம் என்பது என் கட்சி.

காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், வெயிலுக்கு முன் மழைக்காட்டை முடித்துவிடுங்கள். நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி டாங்லின் வாசல் வழியே போனால், 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தையும் பார்த்துக்கொண்டே பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம் வரை நடக்கலாம். மொத்தம் 82 ஹெக்டேர். வயதானவர்கள் கூட வந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம்.