விதிநூல், ஆன்லைன் வகுப்பு, செய்முறை வகுப்பு: வயர்மேனுக்கு எது உதவும்?

வயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 732, 2019-இல் திருத்தி வந்தது. எர்த்திங்குக்கான ஐஎஸ் 3043 அதற்கு முந்தைய ஆண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் நமது தேசிய மின் விதித்தொகுப்பும் 2023-இல் புதிதாக வந்தன. பத்து வருடம் முன்பு படித்ததை வைத்து இனி ஓட்ட முடியாது. மறுபடி படிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. நான் பணம் கட்டியது செய்முறை வகுப்புக்கு. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

விதிநூலைத் தானே படிப்பதில் செலவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலமும் அட்டவணைகளும் கொஞ்சம் மிரட்டும். ஆனாலும் பழைய பழக்கத்தை உடைக்க இதைவிட நேரான வழி இல்லை. '50-ஐப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது மெகா ஓம்' என்ற பழைய இன்சுலேஷன் (வயர் உறையின் தடை) கணக்கில் 100 பாயிண்ட் வீட்டுக்கு அரை மெகா ஓம் இருந்தாலே பாஸ். இப்போது 500 வோல்ட் டிசியில் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

ஆன்லைன் வகுப்பு மலிவு; வேலை முடிந்து ராத்திரி பார்க்கலாம், புரியாத இடத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. 'என்இசி' (தேசிய மின் விதித்தொகுப்பின் ஆங்கிலச் சுருக்கம்) என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க விதிநூல். அங்கே சர்வீஸ் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவது முறை. நம் வீடுகளில் பெரும்பாலும் கம்பத்திலிருந்து பேஸும் நியூட்ரலும்தான் வரும். எர்த் நம் குழியிலிருந்து. அங்கே பார்த்ததை இங்கே செய்தால், எர்த்துக்குக் கசிவு வந்தால் சப்ளையை அறுக்கும் ஆர்சிசிபிக்குப் பின்னால் சேர்த்திருந்தால் அது ஆன் நிலையில் நிற்கவே நிற்காது. முன்னால் சேர்த்திருந்தாலோ, கம்பத்து நியூட்ரல் அறுந்த அன்று பிரிட்ஜ், மோட்டார் பாடியெல்லாம் ஷாக் அடிக்கும்.

செய்முறை வகுப்பு செலவு கூடுதல், இரண்டு மூன்று நாள் கூலியும் போகும். அதை ஈடுகட்டுவது ஒன்றே ஒன்று: டெஸ்டிங். விதி என்ன சொல்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். போட்ட வயரிங் அதற்கு உட்பட்டதா என்று அளந்துதான் சொல்ல முடியும்.

ஒரு கணக்கு. எர்த் வழியாகச் சுற்றிவரும் லூப் 10 ஓம் என்று வையுங்கள். பேஸ் பாடியில் பட்டால் ஓடும் பால்ட் கரண்ட், 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்; சி-கர்வ் உடனே விழுவது உறுதியாக அதன் அளவின் பத்து மடங்கு வேண்டும்) உடனே விழ 160 ஆம்பியர் வேண்டும். அதற்கு லூப் 1.44 ஓமுக்குள் இருக்க வேண்டும். 23 ஆம்பியர் என்பது 16-இன் 1.45 மடங்கைக்கூட எட்டவில்லை. ஒரு மணி நேரமானாலும் எம்சிபி விழும் என்ற உத்தரவாதம் இல்லை. அதுவரை பாடியில் வோல்டேஜ் நிற்கும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதன் 'டி' (டெஸ்ட்) பட்டனை அமுக்கி, விழுந்ததும் திருப்திப்படுகிறோம். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், ஏனென்றால் அதன் சுற்றில் எர்த்தே கிடையாது. மீட்டரை வைத்து 15 மில்லியில் விழக் கூடாது, 30-இல் 300 மில்லி செகண்டுக்குள், 150-இல் 40-க்குள் விழ வேண்டும் என்று பார்க்க வேண்டும். எர்த் தொடர்ச்சியைத் தனியாக.

கை தவறும் இடங்களும் இங்கேதான் பிடிபடும். திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரைக் கழற்றாமல் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்தால் நல்ல வயரும் கெட்டதாகக் காட்டும். எல்இடி டிரைவரைக் கழற்ற முடியாவிட்டால் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு அளக்க வேண்டும். ஒற்றைக் குழியில் கிளாம்ப் மீட்டர் காட்டும் எர்த் தடை எண்ணுக்கு அர்த்தமில்லை. திரும்பிவர வேறு பாதை வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு மறுபக்கத்தில் எடுத்தால், கரண்ட் இருக்கும்போது காரணமே இல்லாததுபோல டிரிப் ஆகும். வகுப்பு போர்டில் இந்த வயரை மாற்றிப் போட்டு டிரிப் ஆவதைப் பார்த்தவனுக்கு, அப்படி ஒரு வீட்டில் பழுது எங்கே என்று தேட அரை நாள் ஆகாது.

இது வீடு, கடை வயரிங் ஆட்களுக்கான கணக்கு. எச்டி (உயர் அழுத்த) பேனல், பெரிய சோலார் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த எடை அப்படியே பொருந்தாமல் போகலாம்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு மீட்டர்? நாலுக்கு மேல் என்றால் பாதி நேரம் வேடிக்கைதான். போர்டில் எர்த்தை அறுத்துக் காட்டும் வசதி உண்டா? மீட்டரின் காலிப்ரேஷன் சீட்டு எந்த வருடத்தது? பதிலில் இழுத்தால், அந்தக் காசில் விதிநூலை அச்செடுத்து, பக்கத்து காண்ட்ராக்டரிடம் ஒரு லூப் டெஸ்டரை இரண்டு நாள் இரவல் வாங்குவது மேல்.