கேரவனில் மடங்கும் டிவி: கூரையா, பெட்டியா, இழுப்பறையா?

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றுகிறவர்கள் டிவியை ஒளித்துவைக்க மூன்று வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்: கூரையிலிருந்து மடங்கி இறங்குவது, பெட்டிக்குள்ளிருந்து மோட்டாரில் எழும்புவது, பக்கச் சுவரிலிருந்து இழுப்பது. கும்பகோணத்தில் கிளம்பி ஆலங்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநள்ளாறு என்று நவக்கிரகச் சுற்று ஓடும் வண்டிக்கு கையால் மடக்கும் கூரை வகையே சரி. ஒரு நாளில் எத்தனை நிறுத்தம், எத்தனை வேகத்தடை! ஒவ்வொரு தடவையும் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

கூரை வகையில் கணக்குப் பிசகுவது கேஸ் ஸ்ட்ரட்டில் (வாயு அழுத்தத்தால் தள்ளி எடையைத் தாங்கும் தண்டு). 32 இஞ்ச் டிவி 4.5 கிலோ, பிராக்கெட் 1.5 கிலோ, ஆக சுமார் 60 நியூட்டன். இந்த எடை கீலிலிருந்து 22 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்ட்ரட் தள்ளுவதோ 6 செ.மீ. தொலைவில். நேர்க்கோணத்தில் தள்ளினாலே 220 நியூட்டன் வேண்டும்; சாய்வாகத் தள்ளுவதால் இன்னும் கூடும். 150 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு போட்டால் போதும். அதற்கு மேல் போனால் டிவி கீழே நிற்காது, தானே மேலே ஏறும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியில் உள்சூடு 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் ஸ்ட்ரட்டின் தள்ளுவிசை சுமார் 10 சதவீதம் ஏறும். அதனால் ஸ்ட்ரட்டை மட்டும் நம்பாமல் மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு கட்டாயம். மேல்பூட்டு பிடிக்காத டிவி வேகத்தடையில் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

திருகுகளைக் கூரைத் தகட்டில் ஏற்றாதீர்கள். தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் (ரிப்) ரிவெட் நட் (உள்ளே மரை உள்ள ரிவெட்) போட்டு, 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) வைத்து, அதன் மேல் பிராக்கெட்டைப் பொருத்துங்கள். தகட்டைத் துளைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே டிவியின் முதுகில் சொட்டும்.

பெட்டியிலிருந்து எழும்பும் வகை பார்க்க அழகு. ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு மூன்று நாள் தங்கும் வண்டிக்குப் பொருந்தும். டிவி உயரம் 43 செ.மீ. என்றால் ஆக்சுவேட்டர் (டிவியைத் தூக்கும் மோட்டார் தண்டு) 50 செ.மீ. எழும்ப வேண்டும். மடங்கிய நீளத்தையும் சேர்த்தால் பெட்டிக்கு 65 செ.மீ. ஆழம் தேவை. இங்கேதான் பலர் 900 நியூட்டன் மோட்டார் வாங்கி ஏமாறுகிறார்கள். டிவி, ஃபிரேம், மூடி எல்லாம் சேர்த்து 9 கிலோதான். 300 நியூட்டன் தாராளம். மூடி மேல் யாராவது தண்ணீர் கேனையோ பிரசாதக் கூடையையோ வைத்துவிட்டால், 900 நியூட்டன் மோட்டார் நிற்காமல் தள்ளி டிவி பேனலை உடைத்துவிடும். சின்ன மோட்டார் திணறும், ஃபியூஸ் போகும், டிவி பிழைக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் 10 ஆம்ப் ஃபியூஸ், பிளஸ் மைனஸ் மாற்றிப்போடும் ஆறு கால் சுவிட்ச், கேபிள் சிக்காமல் இருக்க 60 செ.மீ. உபரி நீளம், அவ்வளவுதான் வேலை. வயரைச் சிக்கனம் பண்ண வேண்டாம்: பேட்டரியிலிருந்து 5 மீட்டரில், 5 ஆம்புக்கு 1 சதுர மி.மீ. வயர் சுமார் 0.9 வோல்ட் தின்னும், 2.5 போட்டால் 0.4-க்குள் நிற்கும்.

பக்கச் சுவர் இழுப்பறை செலவு குறைவு, ஆயுளும் குறைவு. டெலஸ்கோபிக் சேனலின் (இழுப்பறை ஓடும் நீளும் தண்டவாளம்) குண்டுகளில் தூசி ஏறினால் கரகரக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும் ஊரில் வைக்கோல் தூசிக்குப் பஞ்சமில்லை. போடத்தான் வேண்டுமென்றால் சேனலை வண்டியின் குறுக்கே அமையுங்கள். நீளவாக்கில் அமைத்தால் பிரேக் போடும்போது டிவி தானே வெளியே வரும்.

எந்த வகையானாலும் மின்சாரம் ஒன்றுதான். 24 இஞ்ச் டிவி பலவும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் (சிலதில் 19 வோல்ட், லேபிளைப் பாருங்கள்). இன்ஜின் ஓடும்போது லைனில் 14.4 வோல்ட் வரை வரும் என்பதால் நேரடியாகக் கொடுக்காமல் நடுவில் 12 வோல்ட் கன்வெர்ட்டர் போடுங்கள். 32 இஞ்சுக்குப் பெரும்பாலும் 230 வோல்ட் இன்வெர்ட்டர் வேண்டும், சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) உள்ளது.

வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் அடிக்கடி ஓடும் வண்டியில் சாதாரண நட்டுப்போல்ட் துருப்பிடிக்கும். அங்கே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட 316 ரகம் நன்றாகத் தாங்கும். நைலான் வளையம் உள்ள நட்டாகப் போட்டு, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒரு முறை முடுக்குங்கள்.