கடிக்கிற இலையான் யாருடைய இரத்தத்தைக் குடித்தது: எந்த மரபணுச் சோதனைக்குக் காசு போடலாம்?

மாடு ஓயாமல் முன்னங்காலைத் தரையில் அடிக்கிறதென்றால் குனிந்து காலைப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்டோமொக்சிஸ் என்கிற கடிக்கிற இலையான் உட்கார்ந்திருக்கும். வீட்டு இலையான் போலத்தான் தெரியும், ஆனால் ஊசி வாய் முன்னுக்கு நீண்டு நிற்கும், ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். கடிக்கிற பூச்சிகள் பரப்பக்கூடிய தோல் கழலை நோய் 2020இல் இலங்கையின் வடக்கில் மாடுகளுக்கு வந்த பிறகு இந்த இலையான்மீது பலருக்குக் கண் விழுந்தது. கொழும்பில் சின்ன நிதியோடு, இது எந்த விலங்கின் இரத்தத்தைக் குடித்தது என்று ஆராய நினைக்கிற மாணவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

முதலாவது, சாதாரண பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.யின் ஒரு துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கிப் பார்ப்பது. மாடு, எருமை, ஆடு, நாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்க வேண்டுமென்று காட்டும் சிறு டி.என்.ஏ. இழை) போட்டு, ஜெல்லில் வரும் பட்டையின் நீளத்தை வைத்து விலங்கைச் சொல்லிவிடலாம். இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியா) சைட்டோகுரோம் பி மரபணுவைத்தான் வழக்கமாக எடுப்பார்கள். பாலூட்டிகளின் செங்குழியத்தில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை, ஆகவே இலையானின் வயிற்றில் கிடைக்கிற டி.என்.ஏ. பெரும்பாலும் வெண்குழியத்திலிருந்து வருவது. ஒரு குழியத்துக்குள் இழைமணி டி.என்.ஏ. பல பிரதிகள் இருப்பதால்தான் அந்தக் கொஞ்ச இரத்தத்திலும் விடை வருகிறது. மலிவு, வேகம். ஆனால் நீங்கள் பிரைமர் போடாத விலங்கு கண்ணில் படவே படாது.

அதற்குப் பதில் சாங்கர் வரிசையாக்கம், அதாவது டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாக வாசிப்பது, செய்தால் எதிர்பாராத விலங்கும் அகப்படும், சரி. ஆனால் மாடு வாலை வீசியதும் பாதியில் எழும்பி அடுத்த விலங்கில் போய் உட்காருவதுதான் இந்த இலையானின் குணம். இரண்டு இரத்தம் கலந்த வயிற்றில் சாங்கர் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாசிக்க முடியாமல் போகும்.

கலவையைப் பிரிக்க மெட்டாபார்கோடிங், அதாவது கலந்திருக்கிற டி.என்.ஏ. துண்டுகளைத் தனித்தனியாகப் பெருமளவில் வாசிப்பது, நல்லது, செலவுதான் கையைக் கடிக்கும். பிடித்தவரின் கையிலிருந்து ஒட்டிய மனித டி.என்.ஏ.யும் முடிவில் வந்து நிற்கும். அப்புறம், கோழியின் செங்குழியத்தில் கரு, இழைமணி இரண்டும் உண்டு, அதனால் ஒரு துளிக் கோழி இரத்தம் மாட்டு இரத்தத்தைவிடப் பெரிதாகக் காட்டும். ஒரு விலங்கின் துண்டு எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை இரத்தத்தின் அளவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழி, இலையான் விலங்கை மணத்தால் எப்படித் தேடுகிறது என்று அறிய அதன் வாசனை ஏற்பி மரபணுக்களைப் பார்ப்பது. 2013இல் ஈடிஸ் நுளம்பில் வாசனை ஏற்பிகள் இயங்கத் தேவையான ஒர்கோ மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, கரியமில வாயு இல்லாத நிலையில் அவை மனிதரை நாடுவது குறைந்தது, வாயு இருந்தபோது நாடினாலும் மனிதரையும் வேறு விலங்கையும் பிரித்தறியவில்லை. ஸ்டோமொக்சிஸின் மரபணுத்தொகுதி 2021இல் வெளியாகிவிட்டது, ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் இலையானை வளர்க்க, மரபணுவை வெட்ட, சோதிக்க ஒரு முழுக் குழு வேண்டும். முதுமாணி மாணவர் தனியாகத் தொடுகிற வேலை இல்லை இது.

என் தெரிவு பலபிரைமர் பி.சி.ஆர்., அதாவது முதலில் சொன்ன பிரைமர்களை ஒரே குழாயில் சேர்த்துப் போடுவது. இரண்டு பட்டை வரும் மாதிரிகளையும் ஒன்றுமே வராதவற்றையும் மட்டும் மெட்டாபார்கோடிங்குக்கு அனுப்புங்கள். கூடவே அந்த இடத்தில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை நாய் நின்றன என்று அன்றே எண்ணி எழுதுங்கள், ஏனென்றால் மாடு மட்டும் நிற்கிற கொட்டிலில் மாட்டு இரத்தம் வந்தால் அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? ஒரே கொட்டிலில் எந்தப் பசுவைக் கூடுதலாகக் கடிக்கிறது என்பதுதான் கேள்வியென்றால் இழைமணி உதவாது, தாயும் கன்றும் அதில் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு விலங்கிலும் நீளம் வேறுபடுகிற, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகளான மைக்ரோசாட்டலைட்டுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பசுவிடமும் இரத்த மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும்.